நின்ற சக்கரமும் சுழன்ற சக்கரமும்: ஒரு ஜீப் கற்றுத்தந்த அளவீட்டுப் பாடம்

அய்யம்பாளையத்திலிருந்து சித்தரேவு வழியாகப் பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி என்று கீழ்ப்பழனி மலைக்கு ஏறும் சாலையை எங்கள் மாணவர்கள் அனைவரும் அறிவார்கள். சிலருடைய பெற்றோர் மேலே காபி, மிளகு, வாழைத் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போகும் மண்பாதைகளில் ஜீப்தான் ஓடும். அப்படிப்பட்ட ஒரு பழைய ஜீப் என் மைத்துனரிடம் இருக்கிறது. மிளகுப் பருவத்திலும் விடுமுறை நாள்களிலும் அவருக்கு உதவியாக நானும் போவதுண்டு.

ஓர் ஐப்பசி மாதம். இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. தோட்டத்திலிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது வழியில் இரண்டு பேர் ஏறினார்கள். என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனும் அவனுடைய அம்மாவும். ஒரு மேட்டில் ஜீப் நின்றுவிட்டது. இடப்பக்கப் பின்சக்கரம் ஈர இலைச் சருகின்மேல் வேகமாகச் சுழன்றது. வலப்பக்கச் சக்கரம் நல்ல பாறையின்மேல் அசையாமல் நின்றது. வண்டி மெல்லப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. அந்த மாணவன்தான் குதித்து இறங்கி ஒரு கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டான். பாதையின் விளிம்புக்கு நான்கடி மிச்சம் இருந்தது.

பதற்றம் அடங்கியதும் அவன் என்னிடம் கேட்டான்: "சார், வழுக்குற சக்கரந்தான் சுத்துது. பாறை மேல இருக்குற சக்கரம் சும்மா நிக்குது. அது சுத்துனா வண்டி ஏறியிருக்கும்ல? ஏன் சார் சுத்தல?"

"அந்தச் சக்கரத்துக்கு இன்ஜின் இணைப்பு இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன். அது தவறான பதில். பத்தாம் வகுப்பில் 'இயக்க விதிகள்' பாடத்தில் திருப்புத்திறனையும் பற்சக்கரங்களையும் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். என் காலடியில் இருந்த பற்சக்கரத்தைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளப் போய், ஒன்பதாம் வகுப்பின் 'அளவீடு' பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன். அதை உங்களோடு பகிரவே இக்கட்டுரை.

டிஃபரன்சியல் எதற்கு?

கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். உள்சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.2 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். உள்சக்கரம் 5 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் அடித்தால் 3.14 × 5 = 15.7 மீட்டர். வெளிச்சக்கரத்தின் ஆரம் 6.2 மீட்டர், அது ஓடும் தூரம் ஏறத்தாழ 19.47 மீட்டர். வித்தியாசம் 3.77 மீட்டர்.

இந்த வித்தியாசம் வளைவின் ஆரத்தைப் பொறுத்தது அல்ல. ஆரம் 5 மீட்டராக இருந்தாலும் 50 மீட்டராக இருந்தாலும் அரைவட்டத்தில் வித்தியாசம் 3.14 × 1.2 மட்டுமே. எட்டாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள். மாணவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். பிறகு வேறு வேறு ஆரங்களை வைத்துத் தாங்களே போட்டுப் பார்ப்பார்கள்.

தொடக்க வகுப்புகளுக்குக் கணக்கு வேண்டாம். நான்கு குழந்தைகள் வரிசையாகக் கைகோர்த்து நின்று, ஓரத்தில் உள்ளவரை மையமாக வைத்து மைதானத்தில் திரும்பட்டும். மையத்தில் நிற்பவர் நின்ற இடத்திலேயே திரும்புவார். மறு ஓரத்தில் இருப்பவர் ஓடுவார். "ஏன் நீ மட்டும் ஓடினாய்?" என்ற கேள்வியே போதும்.

இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிப் பூட்டினால் வளைவில் ஏதாவது ஒரு சக்கரம் தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். இதைத் தவிர்க்க அச்சின் நடுவில் வைக்கப்படும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்சியல். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் 1820களின் இறுதியிலேயே நீராவி வண்டிக்காக இதை அமைத்தார். இன்ஜினிலிருந்து வரும் பினியன் என்னும் சிறிய பல்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். கிரவுன் ஒரு கூட்டின்மேல் பூட்டப்பட்டிருக்கும். பட்டறைகளில் இந்தக் கூட்டைக் கேஸ் என்பார்கள். அதற்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள் இடம், வலம் இரண்டு பக்கத் தண்டுகளுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தருகின்றன.

இதில் இரண்டு விதிகள் உள்ளன.

முதல் விதி: இரண்டு சக்கரங்களின் சுழற்சி வேகங்களின் சராசரியே கிரவுனின் வேகம். கிரவுன் நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றினால் சக்கரங்கள் 100, 100 என்று சுற்றலாம். 90, 110 என்றும் சுற்றலாம். ஒன்று நின்றே போனால் மற்றொன்று 200 சுற்று சுற்றும். அன்று மலையில் நான் பார்த்தது இதைத்தான்.

இரண்டாம் விதி: வேகம் எப்படிப் பிரிந்தாலும் திருப்புத்திறன் இரண்டு பக்கமும் சமமாகவே போகும். வழுக்கும் சக்கரத்துக்கு 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் எதிர்ப்பு இல்லையென்றால், பாறைமேல் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 100 தான் கிடைக்கும். மொத்தம் 200. மேடேற அது போதாது. ஆக, நின்ற சக்கரத்துக்கு இணைப்பு இல்லை என்று நான் சொன்னது தவறு. இணைப்பு இருந்தது, ஆனால் பிடிப்பில்லாத சக்கரம் தாங்கிய அளவுக்கு மேல் அதற்கும் கிடைக்கவில்லை.

ஓர் அடிஸ்கேல் போதும்

இதை வகுப்பில் காட்ட விலை உயர்ந்த மாதிரி தேவையில்லை. 30 செ.மீ. அளவுகோலின் நடுவில் ஒரு நூலையும் இரு முனைகளில் இரு நூல்களையும் கட்டுங்கள். முனை நூல்களை மேசைமேல் வைத்த இரண்டு புத்தகக் கட்டுகளில் கட்டுங்கள். நடு நூலைப் பிடித்து இழுங்கள். கட்டுகள் சமமாக இருந்தால் இரண்டும் நகரும். ஒரு பக்கம் புத்தகங்களைக் குறைத்துவிட்டு இழுத்தால் அந்தப் பக்கம் மட்டும் நகரும். கனமான பக்கம் நிற்கும். அளவுகோலின் நடுப்பகுதி, நகர்ந்த முனை சென்ற தூரத்தில் பாதிதான் நகர்ந்திருக்கும். இரண்டு விதிகளும் கண்முன் தெரியும்.

இப்போது நூலை விட்டுவிட்டு, அளவுகோலின் நடுப்பகுதியை இரு விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இழுங்கள். அளவுகோல் எளிதில் சாயாது. கனமான கட்டும் நகரத் தொடங்கும். விரல்களின் உராய்வு கனமான பக்கத்துக்குக் கூடுதல் விசையைத் தருகிறது. கட்டுப்படுத்தப்பட்ட வழுக்கல் கொண்ட டிஃபரன்சியல் செய்வதும் இதையே. பட்டறையில் இதை எல்.எஸ்.டி. என்கிறார்கள்.

பிளேட் வகை எல்.எஸ்.டி.யில் பக்கத் தண்டுகளின் பல்சக்கரங்களுக்கும் கூட்டுக்கும் இடையே மெல்லிய உராய்வுத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுழல முயன்றால் தகடுகள் ஒன்றோடொன்று உரசி அதைத் தடுக்கும். அந்தத் தடையின் அளவுக்கு மறுசக்கரத்துக்குக் கூடுதல் திருப்புத்திறன் போய்ச் சேரும். முந்தைய எடுத்துக்காட்டில் தகடுகள் 150 நியூட்டன் மீட்டர் கூடுதல் தந்தால், வழுக்கும் சக்கரத்தில் 100, பாறைமேல் உள்ள சக்கரத்தில் 250, மொத்தம் 350. சாதாரண வளைவுகளில் தகடுகள் தேவையான அளவு வழுக்கிக் கொடுத்து, வண்டி திரும்ப இடம் தரும்.

1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் கார், அதிக ஆற்றலால் ஒரு பின்சக்கரம் மட்டும் சுழன்று வீணாகும் சிக்கலைச் சந்தித்தது. அதற்காக 1935இல் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் இத்தகைய டிஃபரன்சியலை உருவாக்கியது. பந்தயத் திடலுக்கு வந்த தீர்வு எங்கள் மிளகுத் தோட்டத்துப் பாதைக்கும் பொருந்தும்.

முதல் முறை செய்த தவறு

மைத்துனரின் ஜீப்புக்குப் பொருந்தும் பழைய பிளேட் வகை எல்.எஸ்.டி. ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம். ஒரு பட்டறையில் கொடுத்து மாட்டினோம். மழைக்காலம் முடிவதற்குள் வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்தியது நாங்கள்தான். பழைய கூட்டிலிருந்து கழற்றிய ஷிம்களையே புதிய கூட்டிலும் போட்டு மூடினார்கள்.

ஷிம் என்பது மோதிரம் போன்ற மெல்லிய எஃகுத் தகடு. கூட்டின் இருபுறமும் கூம்பு உருளை பேரிங்குகள் உள்ளன. பேரிங்குக்கும் கூட்டுக்கும் இடையே ஷிம் வைத்துத்தான் கூடு எந்த இடத்தில் நிற்க வேண்டும், பேரிங்குகள் எவ்வளவு இறுக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை அமைக்கிறார்கள். புதிய கூட்டில் பேரிங் அமரும் தளம் பழையதைப் போல மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எங்கள் வண்டியில் இறுக்கம் கூடிவிட்டது. தாண்டிக்குடி போய் இறங்கி வந்தபோது பின் அச்சுக்கூட்டில் கை வைக்க முடியவில்லை. எண்ணெய் கருகிய வாடை. பிரித்துப் பார்த்தால் பேரிங் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. பேரிங்குகள் வீணாயின.

இறுக்கம் கூடினால் பேரிங் கருகும். குறைந்தால் கூடு ஆடும். பற்களின் இடைவெளி மாறி, சத்தம் வந்து, முடிவில் பல் உடையும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மிகச் சிறியது. இந்த முன்னிறுக்கத்தைப் பட்டறைக்காரர்கள் பிரீலோட் என்பார்கள்.

முன்சக்கர இழுவைக் கார்களில் டிஃபரன்சியல் கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கும். அங்கும் பல கார்களில் இதே கூம்பு உருளை பேரிங்குகளும் ஷிம்களும்தான். ஆனால் கியர்பெட்டியின் உறை அலுமினியம். வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பேரிங்குகளுக்கு இடையே 150 மி.மீ. தூரம் இருந்து, வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், உறை எஃகுக் கூட்டைவிட ஏறத்தாழ 0.13 மி.மீ. கூடுதலாக விரிந்துவிடும். குளிர்ந்த நிலையில் சரியாகத் தோன்றிய பேரிங் சூட்டில் தளர்ந்துவிடும். அதனால்தான் குளிர்ந்த நிலையிலேயே சற்று இறுக்கி வைக்கிறார்கள். வெப்ப விரிவு பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

திருகு அளவி பட்டறைக்குப் போனது

இரண்டாம் முறை, வயதில் மூத்த ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டிக்குரிய கையேட்டைக் கேட்டு வாங்கினார். "சார், இது கைப்பழக்கத்துல வர்ற வேலை இல்ல. அளந்துதான் வைக்கணும்" என்றார். அவருடைய திருகு அளவி பழுதாகியிருந்தது. "எங்கள் பள்ளியில் இருக்கிறதே" என்றேன். தலைமையாசிரியரின் அனுமதியுடன், கருவியை வெளியே கொண்டுபோகாமல் ஷிம் கட்டைப் பள்ளிக்குக் கொண்டுவந்தோம்.

அதற்கு முன் பட்டறையில் நடந்தது இது. பழைய பேரிங்குகளின் உள்துளையைச் சற்றே தேய்த்து, எளிதில் கழற்றி மாட்டும்படி செய்து, ஷிம் இல்லாமல் கூட்டை உள்ளே வைத்தார். டயல் கேஜை ஊன்றி, கூட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். மொத்த நகர்வு 1.40 மி.மீ. ஆட்டம் முழுவதும் நிற்க அவ்வளவு ஷிம் தேவை.

அடுத்து, கிரவுன் பற்கள் பினியன் பற்களில் முழுதாகப் பொருந்தும் வரை தள்ளினார். அப்போது கிரவுன் பக்கம் 0.80, மறுபக்கம் 0.60 மி.மீ. இடைவெளி. ஆனால் பற்கள் இடைவெளியே இல்லாமல் பொருந்தினால் எண்ணெய் புக இடமிருக்காது. பேக்லாஷ் எனப்படும் சிறு இடைவெளி வேண்டும். இத்தகைய அச்சுகளில் அது பொதுவாக 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும். அதற்காகக் கூட்டைப் பினியனிலிருந்து 0.20 மி.மீ. விலக்கத் தீர்மானித்தார். கிரவுன் பக்கம் 0.60, மறுபக்கம் 0.80 ஆனது. கடைசியாக, முன்னிறுக்கத்துக்குப் பக்கத்துக்கு 0.10 கூட்டினார். முடிவு: கிரவுன் பக்கம் 0.70, மறுபக்கம் 0.90, மொத்தம் 1.60 மி.மீ. இவை எங்கள் வண்டியின் அளவுகள். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் கையேடே சட்டம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இரு குழுவாக்கி, ஷிம்களை அளந்து பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஷிம்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அதுவரை அந்தக் கருவியில் கம்பியின் விட்டத்தைத் தவிர வேறெதையும் அவர்கள் அளந்ததில்லை. முதல் குழு 0.70, 0.90 என்று சரியாக எடுத்துக் கொடுத்தது. அதே ஷிம்களை இரண்டாம் குழு வேறு கருவியில் அளந்தது. ஒவ்வொன்றும் 0.03 மி.மீ. குறைவாக வந்தது. இரு குழுக்களும் "நாங்கள் சரி" என்று வாதிட்டன.

மலையில் கல் போட்ட அந்த மாணவன் முதல் குழுவின் கருவியை வாங்கி, ஷிம் இல்லாமல் மூடிப் பார்த்தான். "சார், ஒண்ணுமே வைக்காம மூடுனாலும் இது மூணாவது கோட்டைக் காட்டுது."

நேர் சுழிப்பிழை. பாடத்தில் அதை நடத்தியிருந்தேன்; கணக்கும் போட வைத்திருந்தேன். கருவியைக் கையில் எடுத்ததும் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் பழக்கவில்லை. 0.03 மி.மீ. சிறியதுதான். ஆனால் ஆறு ஷிம்களைத் தனித்தனியே அளந்து கூட்டினால் பிழையும் ஆறு முறை கூடும்: 0.18 மி.மீ. நாங்கள் வைக்க நினைத்த முன்னிறுக்கமே மொத்தம் 0.20 தான். அந்த ஷிம்களைப் போட்டிருந்தால் மிஞ்சியிருப்பது 0.02. மறுபடியும் ஒரு பேரிங் போயிருக்கும்.

சுழித்திருத்தம் செய்து, மீண்டும் தேர்ந்தெடுத்தோம். இம்முறை ஒரு பக்கத்து மூன்று ஷிம்களையும் சேர்த்து ஒரே முறை அளந்து சரிபார்த்தோம். ஏன் சேர்த்து அளக்க வேண்டும் என்பதை மாணவர்களே சொன்னார்கள்.

மெக்கானிக் எங்கள் அளவை அப்படியே ஏற்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஷிம்களைப் போட்டுப் பூட்டிய பின், கூட்டைச் சுற்றி நூல் சுற்றிச் சுருள்வில் தராசால் சீராக இழுத்து, சுழலத் தேவைப்படும் விசையைப் பார்த்தார். கையேடு சொன்ன எல்லைக்குள் இருந்தது. பேக்லாஷ் 0.14 மி.மீ. பற்களில் நீலச் சாந்து தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்றும் பார்த்தார். பிறகுதான் எல்.எஸ்.டி.க்கு உரிய எண்ணெயை ஊற்றி மூடினார். ஓர் அளவை இன்னொரு வழியில் சரிபார்க்கும் அந்தப் பழக்கத்தை மறுநாள் வகுப்பில் சொன்னேன்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

திருகு அளவிப் பாடத்தில் கம்பியோடு நிறுத்தாமல் ஷிம், பிளேடு, தாள் ஆகியவற்றையும் அளக்க வையுங்கள். பத்துத் தாள்களைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்தால் கிடைப்பதையும், ஒரே தாளை அளந்து கிடைப்பதையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பதிவேட்டில் முதல் வரி எப்போதும் சுழிப்பிழையாக இருக்கட்டும்.

பட்டறைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால் பார்வையாளர்களாக மட்டும் நிற்கட்டும். தூக்கி நிறுத்திய வண்டியின் அருகே விடாதீர்கள். எல்.எஸ்.டி. உள்ள வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரில் இன்ஜினை ஓட்டக் கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை இழுத்து ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். ஏன் என்று பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அடிஸ்கேல் சோதனையைச் செய்தவர்கள் பதில் சொல்வார்கள். மேல்நிலையில் 'அடிப்படை ஆட்டோமொபைல் பொறியியல்' என்ற தொழிற்கல்விப் பாடம் இருப்பதையும் ஆர்வமுள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

மலையில் நான் சொன்ன பதில் தவறு என்பதை வகுப்பில் எல்லோர் முன்னிலும் சொன்னேன். சரியான பதிலை அந்த மாணவனையே அடிஸ்கேல் வைத்து விளக்கச் சொன்னேன். எழுத்துத் தேர்வில் அதிகம் பேசாத பையன். அன்று இருபது நிமிடம் பேசினான்.

அடுத்த ஐப்பசியில் அதே மேட்டில், அதே போன்ற ஈரத்தில், ஜீப் நிதானமாக ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் எட்டிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், ரெண்டு சக்கரமும் சருகுலயே நின்னா என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. தரையில பிடிப்பு இருந்தாத்தான் எல்லாமே. அப்பவும் நீதான் இறங்கிக் கல்லு போடணும்" என்றேன். இம்முறை பதில் சரிதான்.